மொடெனாவில் ஒரு குடும்பக் கடை, ஒரு மதியச் சாப்பாடு

இத்தாலிக்குச் சுற்றுலா போகும் நம்மவர்கள் பெரும்பாலும் ரோம், புளோரன்ஸ், வெனிஸ் என்று மூன்று ஊர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நேரம் இருந்தால் மிலானில் ஒரு நாள். இந்தப் பெரிய ஊர்களுக்கு நடுவே விரைவு ரயில் பாய்ந்து கடக்கும் சமவெளியில் மொடெனா என்ற நடுத்தர ஊர் இருக்கிறது. ஃபெராரி காரை உருவாக்கிய என்ஸோ ஃபெராரி 1898ல் பிறந்தது இங்கேதான். பாடகர் லுச்சியானோ பவரோட்டி 1935ல் பிறந்ததும் இங்கேதான். கார்ப் பிரியர்கள் அருங்காட்சியகம் பார்க்க வருகிறார்கள். நானும் என் மனைவியும் மே மாதக் கடைசியில் அங்கே போனது சாப்பிடுவதற்காக.

என் மனைவி சைவம். பால், முட்டை சேர்த்துக்கொள்வார்; இறைச்சியும் மீனும் தொடுவதில்லை. நான் மாட்டிறைச்சி மட்டும் சாப்பிடுவதில்லை. “பன்றித் தொடைக்கும் சீஸுக்கும் பேர்போன ஊரில் நீங்கள் இரண்டு பேரும் என்ன சாப்பிட்டீர்கள்?” என்று திரும்பி வந்ததும் நண்பர்கள் கேட்டார்கள். அதற்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

பழைய சாலை, பழைய ஊர்

பொலோனா நகரத்திலிருந்து மொடெனாவுக்குச் சாதாரண ரயிலில் அரை மணி நேரம். ரயில் பாதையை ஒட்டியே வியா எமிலியா என்ற சாலை ஓடுகிறது. கிறிஸ்துவுக்கு முன் 187ல் ரோமானியர்கள் போட்ட சாலை அது. அந்தச் சாலையின் பெயரில்தான் இந்த வட்டாரத்துக்கே எமிலியா என்று பெயர் வந்தது.

ஊரின் நடுவில் கதீட்ரல். 1099ல் கட்டத் தொடங்கியது. பக்கத்தில் கிர்லந்தீனா என்ற வெள்ளைக் கோபுரம். இரண்டையும் சதுக்கத்தோடு சேர்த்து 1997ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் அல்பினெல்லி சந்தை. 1931ல் திறந்த கூரை போட்ட பசார். நாங்கள் போன காலையில் பச்சை அஸ்பாரகஸ் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தார்கள். பாட்டிமார்கள் ஒவ்வொரு கட்டாக எடுத்து, அடித்தண்டை அழுத்திப் பார்த்து, பிடிக்காததைத் திரும்ப வைத்துக்கொண்டிருந்தார்கள். செள கிட் சந்தையில் முருங்கைக்காய் வாங்குகிறவர்களை அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் மொழி தெரியாமலே சமாளித்துக்கொள்வார்கள்.

முன்னால் கடை, பின்னால் சாப்பாடு

இந்த வட்டாரத்தில் சலுமேரியா என்று ஒரு வகைக் கடை உண்டு. உப்பிட்டுப் பதப்படுத்திய இறைச்சி, சீஸ், எண்ணெயில் ஊறிய காய்கறி, ஊறுகாய், அன்றைக்கே செய்த பாஸ்தா எல்லாம் அங்கே கிடைக்கும். வெளிநாடுகளில் ‘டெலி’ என்று சொல்வது இதைத்தான். இப்படிப்பட்ட கடைகளில் சில பின்கட்டில் நான்கைந்து மேசை போட்டுச் சாப்பாடும் போடுகின்றன. மொடெனாவில் ஜுஸ்தி என்ற சலுமேரியா 1605லிருந்து நடப்பதாகப் பெயர் பெற்றது. அதற்கும் பின்னால் சின்னச் சாப்பாட்டுக்கூடம் உண்டு.

நாங்கள் போனது அவ்வளவு பழையதும் இல்லை, புகழ் பெற்றதும் இல்லை. கதீட்ரலிலிருந்து ஐந்து நிமிட நடையில், வளைவுத் தூண்கள் தாங்கும் நடைபாதையின் உள்ளே இருக்கிறது. நம் ஊர்க் கடை வரிசைகளின் ஐந்தடி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயிலும் மழையும் படாமல் நடக்கலாம். மொத்தம் ஆறு மேசை. மதியம் மட்டும்தான் சாப்பாடு. தாத்தா காலத்தில் தொடங்கிய கடை. இப்போது அப்பா முன்னால் கத்தியோடு நிற்கிறார், அம்மா சமையலறையில், அப்பாவின் அக்கா பாஸ்தா மாவு தேய்க்கிறார், மகள் கணக்கும் பரிமாறலும். சம்பளத்துக்கு இருப்பது பாத்திரம் கழுவும் ஒரே ஒருவர்.

சாப்பாட்டு மேசைக்குப் போக வேறு வழி இல்லை. கடையைக் கடந்துதான் போக வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் என்ன இருக்கிறதோ அதுதான் தட்டில் வரும். ‘இன்றைய சிறப்பு’ என்று பலகையில் எழுதுவதற்கு முன்னாலேயே அது நம் கண்ணில் பட்டுவிடுகிறது.

பன்னிரண்டு மணிக்குக் கடையில் கூட்டம். எல்லாரும் உள்ளூர்க்காரர்கள். “எத்தோ” என்ற சொல் காதில் விழுந்துகொண்டே இருந்தது. ஓர் எத்தோ என்றால் நூறு கிராம். யாரும் கிலோக் கணக்கில் கேட்பதில்லை. ஓர் எத்தோ புரொஷூட்டோ, இரண்டு எத்தோ மோர்த்தடெல்லா என்று அன்றைக்கு வேண்டியதை மட்டும் வாங்குகிறார்கள். புரொஷூட்டோ என்பது உப்பிட்டு மாதக்கணக்கில் காற்றில் உலர்த்திய பன்றித் தொடை. மோர்த்தடெல்லா என்பது பன்றி இறைச்சியை மைய அரைத்துக் கொழுப்புத் துண்டுகள் சேர்த்து வேகவைத்த பெரிய உருளை, பொலோனாவின் பெருமை. சீவுவதற்குச் சிவப்பு நிறத்தில் பெரிய சக்கரம் வைத்த கை இயந்திரம். பெர்கெல் என்ற டச்சு இறைச்சிக் கடைக்காரர் 1898ல் உருவாக்கிய வகை. அப்பா சக்கரத்தை மெதுவாகச் சுற்ற, காகிதம் போன்ற துண்டு மறு பக்கம் அவர் கையில் விழுகிறது. விழுந்ததை மடிக்காமல், ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்குகிறார். வரிசையில் நிற்கும் எவரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

ஒரு துண்டு சீஸ்

பொலோனாவில் ஐந்து நாளுக்கு ஒரு வீடு எடுத்துத் தங்கியிருந்தோம். காலையில் ரொட்டியோடு சாப்பிட அரைக் கிலோ பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸ் வாங்கலாம் என்று மனைவி சொன்னார். நாம் பொதுவாகப் பார்மெசான் என்று சொல்கிறோமே, அதன் அசல் இதுதான். பார்மா, ரெஜ்ஜோ எமிலியா, மொடெனா மாவட்டங்களிலும், பொலோனா, மாந்துவா மாவட்டங்களின் ஒரு பகுதியிலும் செய்வதற்கு மட்டுமே அந்தப் பெயர் உண்டு. ஒரு சக்கரம் செய்ய ஏறக்குறைய 550 லிட்டர் பால் வேண்டும். எடை நாற்பது கிலோ அளவு. குறைந்தது 12 மாதம் பலகையில் இருக்க வேண்டும். நல்ல கடைகளில் 24 மாதம், 36 மாதம் ஆனதைத் தேடி வாங்குகிறார்கள். பரிசோதகர் சின்னச் சுத்தியலால் தட்டி, ஓசையை வைத்தே உள்ளே வெடிப்பு இருக்கிறதா என்று கண்டுபிடிக்கிறார். தேறியதற்குத்தான் சூட்டுக்கோல் முத்திரை.

அப்பா அரைச் சக்கரத்தில் குட்டைக் கத்தியைக் குத்தி ஒரு துண்டைப் பெயர்த்து என்னிடம் நீட்டினார். வாயில் போட்டால் உப்பு, கொஞ்சம் இனிப்பு, நடுவில் நறுக்கென்று ஒரு பொரி. அடுத்த துண்டை மனைவியிடம் நீட்டியபோது, மேசை முன்பதிவின்போது “இறைச்சி, மீன் வேண்டாம்” என்று நாங்கள் சொன்னதைக் குறித்து வைத்திருந்த மகள், கல்லாவிலிருந்து எழுந்து வந்தார்.

“ஒரு நிமிடம் அம்மா. நீங்கள் சைவம் என்று சொன்னீர்கள் அல்லவா? இதில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட் இருக்கிறது. சிலர் பரவாயில்லை என்று சாப்பிடுவார்கள். சிலர் மாட்டார்கள். தெரிந்துகொண்டு சாப்பிடுங்கள்” என்றார் ஆங்கிலத்தில்.

நாம் தயிருக்கு உறைமோர் ஊற்றுகிறோம். சீஸுக்குப் பாலைத் திரிய வைப்பது ரென்னெட். செடியிலிருந்தும் நுண்ணுயிரிலிருந்தும் அதைச் செய்ய முடியும். பல நாட்டுச் சீஸ்கள் அப்படித்தான் வருகின்றன. ஆனால் பார்மிஜானோவின் விதிமுறையில் பால், உப்பு, கன்றின் ரென்னெட் மூன்றுக்கு மட்டும்தான் இடம். அதாவது அசல் பார்மிஜானோ எதுவாக இருந்தாலும் அது சுத்த சைவம் இல்லை.

மனைவி நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். “அப்படியானால் இத்தனை வருடம் பீட்சாக் கடையில் தூவிக் கொடுத்தது?” என்று கேட்டார்.

“அது என்ன சீஸ் என்று எனக்குத் தெரியாது. இதில் என்ன இருக்கிறது என்று மட்டும் தெரியும்” என்றார் அந்தப் பெண்.

கிலோ 25 யூரோ. அரைக் கிலோ வியாபாரம் அந்த நிமிடமே போய்விட்டது. அப்பா இத்தாலியில் ஏதோ கேட்டார், மகள் பதில் சொன்னார், அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். முகத்தில் எந்த வருத்தமும் இல்லை. இதற்கு இரண்டு நாள் முன்னால் வேறோர் ஊரில், வெளியே நான்கு மொழியில் பட்டியல் தொங்கும் ஓர் உணவகத்தில், காய்கறி சூப் என்று கொண்டு வந்து வைத்ததில் இறைச்சித் துணுக்கு மிதந்தது. கேட்டதற்கு, “சின்னத் துண்டுதானே” என்றார் பரிமாறியவர். அந்த நினைவு போகாமல் இருந்த என் மனைவிக்கு, இந்தக் கடையில் சீஸ் கிடைக்காமல் போனது நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? “இனி இங்கே எது கொடுத்தாலும் பயமில்லாமல் சாப்பிடுவேன்” என்றார்.

மேசைக்கு வந்தவை

முதலில் ஞோக்கோ ஃபிரித்தோ வந்தது. நாற்சதுரமாக வெட்டி எண்ணெயில் போட்ட மாவு, உள்ளே காற்று நிறைந்து உப்பி வரும். பார்த்தவுடன் பூரி என்றுதான் சொல்வோம். அதைப் பிய்த்து, சூட்டோடு புரொஷூட்டோவைச் சுற்றிச் சாப்பிட வேண்டும்; கொழுப்பு லேசாக இளகி மாவில் இறங்குகிறது. மனைவியின் பக்கம் அந்தத் தட்டை மகள் வைக்கவே இல்லை. ஞோக்கோவைப் பொரிப்பது பன்றிக் கொழுப்பில். “சில இடங்களில் சமையல் எண்ணெயில் பொரிக்கிறார்கள். எங்கள் அம்மா ஒத்துக்கொள்ள மாட்டார்” என்றார். மனைவிக்கு எண்ணெயில் ஊறிய கூனைப்பூ, புளிக்காடியில் போட்ட காலிஃபிளவர், காரட், வெங்காயம், பக்கத்தில் ரொட்டி. அந்தக் காய்கறிக் கலவை நம் அச்சாருக்கு மஞ்சளும் மிளகாயும் தெரியாத ஒன்றுவிட்ட தம்பி.

அடுத்தது தோர்த்தெல்லீனி. இந்த ஊருக்கு வந்தால் இதைச் சாப்பிடாமல் போகக்கூடாது என்பார்கள். விரல் நுனி அளவு பாஸ்தா, உள்ளே பன்றி இறைச்சியும் சீஸும் ஜாதிக்காயும். மொடெனாவுக்கும் பொலோனாவுக்கும் இது யாருடையது என்று ஓயாத சண்டை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் காஸ்தெல்ஃபிராங்கோ எமிலியாவில் ஒரு சத்திரக்காரர் சாவித் துவாரம் வழியே வீனஸ் தேவதையின் தொப்புளைப் பார்த்து அதே வடிவில் செய்தார் என்று ஒரு கதை சொல்லிச் சமாதானம் செய்துகொள்கிறார்கள்.

தோர்த்தெல்லீனியை இறைச்சி ரசத்தில் போட்டுத்தான் தர வேண்டும் என்பது இங்கே மரபு. “ரசம் எதில் வைத்தது?” என்று கேட்டேன். சேவலும் ஒரு துண்டு மாட்டிறைச்சியும் என்று பதில் வந்தது. எனக்கும் வாய்ப்புப் போயிற்று. பாலேட்டில் புரட்டித் தரட்டுமா என்று மகள் கேட்டார். சரி என்றேன். அந்த ஆர்டர் உள்ளே போனதும், மாவு தேய்த்துக்கொண்டிருந்த அத்தை கதவோரம் வந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். ரசம் இல்லாமல் தோர்த்தெல்லீனி கேட்கும் மனிதன் எப்படி இருப்பான் என்று பார்க்க வந்தாராம். மகள் காரணத்தைச் சொன்னதும் முகம் மாறிற்று. “அப்படியென்றால் சரி” என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது என் தட்டில் ஒரு கரண்டி கூடவே விழும்படி செய்துவிட்டார்.

மனைவிக்கு அஸ்பாரகஸ் போட்ட தாலியத்தெல்லே. முட்டையும் மாவும் மட்டும் சேர்த்து, பூரிக்கட்டையைப் போல மூன்று நான்கு மடங்கு நீளமுள்ள கட்டையால் தேய்த்து, மடித்து வெட்டிய நாடா. வெந்தபின் இதன் அகலம் எட்டு மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று 1972ல் பொலோனா வணிகச் சபையில் தங்கத்தில் செய்து பதிவே பண்ணியிருக்கிறார்கள். சீஸ் தூவாமல், வெண்ணெயும் அஸ்பாரகஸும் மட்டும். அன்றைக்கு மேசையில் வந்ததிலேயே அதுதான் சிறந்தது. இரண்டு வாய் எனக்கும் கிடைத்தது.

பரண்மேல் பீப்பாய்கள்

கடைசியில் வெனிலா ஐஸ்கிரீம் வந்தது. மகள் ஒரு சின்னப் புட்டியிலிருந்து கறுப்பாக, தேனைப் போல் இறங்கும் ஒன்றைச் சொட்டுச் சொட்டாக விட்டார். மொடெனாவின் பால்சாமிக்கோ. காடி என்றுதான் பெயர். புளிப்பு இருக்கிறது, அதற்கு முன்னால் இனிப்பு, பின்னால் மர வாசம்.

சூப்பர் மார்க்கெட்டில் பால்சாமிக் என்று வாங்குவது வேறு. அதில் திராட்சைச் சாற்றோடு ஒயின் காடி கலந்திருக்கும், அறுபது நாளில்கூட விற்பனைக்கு வரலாம். மரபான வகைக்குத் திராட்சைச் சாற்றைக் காய்ச்சிச் சுண்டவைத்தது மட்டும்தான். பெரிதிலிருந்து சிறிதாக வரிசையாக வைத்த பீப்பாய்களில் அதை ஊற்றுவார்கள். ஓக், செஸ்ட்நட், செர்ரி, மல்பெரி என்று ஒவ்வொன்றும் வேறு மரம். இடம் வீட்டின் பரண். கோடையில் கொதிக்க வேண்டும், குளிரில் உறங்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை ஆகச் சிறிய பீப்பாயிலிருந்து கொஞ்சம் எடுத்து, குறைந்ததை அடுத்த பெரியதிலிருந்து நிரப்பி, அப்படியே மேலே போய், ஆகப் பெரியதில் புதுச் சாறு ஊற்றுவார்கள். 12 ஆண்டு போனால்தான் மரபான வகை என்று விற்கலாம். 25 ஆண்டு தாண்டியது தனி ரகம். நிபுணர்கள் ருசி பார்த்துத் தேர்ந்ததை நூறு மில்லி கொள்ளும் ஒரே வடிவப் புட்டியில் அடைக்கிறார்கள். கார்களை வடிவமைத்த ஜுஜாரோ வரைந்த புட்டி அது.

பெண் குழந்தை பிறந்தால் ஒரு வரிசைப் பீப்பாய் தொடங்கி, கல்யாணத்துக்குச் சீராகக் கொடுப்பது இந்த ஊர்ப் பழைய வழக்கம். எங்கள் ஐஸ்கிரீமில் விட்டது விற்பனைக்கு உள்ளது இல்லை. அந்தப் பெண் பிறந்த ஆண்டில் தாத்தா தொடங்கிய வரிசையிலிருந்து எடுத்தது. அவருக்கு இப்போது 28 வயது. மிலானில் வங்கி வேலை பார்த்தவர், அப்பாவின் முழங்கால் அறுவை சிகிச்சைக்கு உதவியாக இரண்டு மாத விடுப்பில் வந்தார். போகவில்லை.

“கடைக்காகவா?” என்று மனைவி கேட்டார்.

“கடையை மூடிவிடலாம். அப்பாவே சொன்னார். பீப்பாயை என்ன செய்வது? வருடா வருடம் யாராவது மேலே ஏறி நிரப்ப வேண்டும். அப்பாவால் இனி ஏணி ஏற முடியாது” என்றார். சொல்லும்போது சிரித்தார். ஆனால் அது வேடிக்கைக்குச் சொன்னதாகத் தெரியவில்லை.

பால் எங்கிருந்து வருகிறது?

சீஸைப் பற்றிப் பேசியபோது மகள் இன்னொன்றும் சொன்னார். அவர்களுக்குச் சக்கரம் தரும் பண்ணையில் மாடு பார்ப்பது பஞ்சாபிலிருந்து வந்த ஒரு சீக்கியக் குடும்பம். இது அந்த ஒரு பண்ணையோடு நிற்கும் கதை இல்லை. போ ஆற்றுச் சமவெளி எங்கும் மாட்டுப் பண்ணைகளில் பஞ்சாபியர் ஏராளம். ரெஜ்ஜோ எமிலியா அருகே நோவெல்லாரா என்ற சிற்றூரில் 2000ஆம் ஆண்டில் பெரிய குருத்வாராவே திறந்தார்கள். அதிகாலையில் பால் கறக்கும் வேலைக்கு இத்தாலிய இளைஞர்கள் வராமல் போன காலத்தில், அந்த இடத்தில் வந்து நின்றவர்கள் இவர்கள். விடியுமுன் எழுந்து பால்மரம் சீவியவர்களின் பேரனான எனக்கு இதைக் கேட்டபோது யாரோ சொந்தக்காரர்களைப் பற்றிக் கேட்டது போல் இருந்தது.

2012 மே மாதம் 20, 29 தேதிகளில் இந்த வட்டாரத்தில் நிலநடுக்கம். உயிர்ச் சேதத்தோடு, கிடங்குகளில் அடுக்கியிருந்த சீஸ் சக்கரங்களும் பலகையோடு சரிந்து லட்சக்கணக்கில் சேதமாயின. உடைந்த சீஸை நாடெங்கும் மக்கள் வாங்கி உதவினார்கள். அந்த வாரங்களில் கடை வாசலில் வரிசை தெருமுனை வரை நின்றது என்று அப்பா கையை நீட்டிக் காட்டினார். உடைந்த துண்டுக்கு உடைந்த துண்டு என்றே எழுதி வைத்து விற்றாராம்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

எமிலியாவில் பன்றி இறைச்சி எதிர்பாராத இடத்திலெல்லாம் இருக்கும். கேட்டுத் தெரிந்துகொள்ள ஆறு சொல் போதும். கார்னே என்றால் இறைச்சி, மான்சோ மாட்டிறைச்சி, மயாலே பன்றி. புரோதோ என்று இருந்தால் அநேகமாக இறைச்சி ரசம். ஸ்த்ரூத்தோ பன்றிக் கொழுப்பு, ரொட்டியிலும்கூடச் சேர்ப்பதுண்டு. செடி ரென்னெட் சீஸ் வேண்டுமானால் “காலியோ வெஜெத்தாலே” என்று கேளுங்கள். ராகு என்ற பாஸ்தாக் குழம்பில் பெரும்பாலும் மாடும் பன்றியும் சேர்ந்தே இருக்கும்.

சின்னக் கடைகளில் மேசை குறைவு. முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். எதைச் சாப்பிட மாட்டீர்கள் என்பதை அப்போதே சொல்லிவிடுங்கள். மதியம் மூன்று மணிக்குள் பல கடைகள் சாத்திவிடும், மாலையில்தான் திறப்பார்கள். ரசீதில் ‘கோப்பெர்தோ’ என்று ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ இருந்தால் பதற வேண்டாம். மேசைக்கும் ரொட்டிக்குமான வழக்கமான கட்டணம். எங்கள் இருவருக்கும் எல்லாம் சேர்த்து 68 யூரோ, ஏறக்குறைய 340 ரிங்கிட். மலிவு என்று சொல்ல மாட்டேன். மரபான பால்சாமிக்கோ 12 ஆண்டு வகை ஒரு புட்டி 50 யூரோவுக்கு வாங்கினோம். அதையும் சூடான சமையலில் ஊற்றி வீணாக்க வேண்டாம், இறக்கியபின் சொட்டுவிடுங்கள் என்று சொல்லித்தான் கட்டிக் கொடுத்தார்கள்.

ஒரு சாப்பாட்டுக் கடையை எடைபோட ருசி, விலை, சுத்தம் என்று மூன்றைப் பார்ப்போம். நாலாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்: “இதில் என்ன இருக்கிறது?” என்று கேட்டால் என்ன பதில் வருகிறது. வாங்கியவர், வெட்டியவர், சமைத்தவர், பரிமாறியவர் எல்லாரும் ஒரே வீட்டில் இருக்கும் கடையில் அந்தப் பதிலுக்கு யாரையும் தேடிப் போக வேண்டியதில்லை. அங்கே நின்ற இடத்திலேயே கிடைத்துவிடுகிறது.